குண்டானுக்குள் போன சிக்னல்

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சற்று முன்னால் வீட்டில் இருந்தவர்கள்: லிஃப்ட் மெக்கானிக், அதாவது அந்த வீட்டு மாப்பிள்ளை, அரை நாள் லீவு போட்டவன். அவனுடைய மாமியார், பின்அறையில், துணி மூட்டையோடு. மாமனார், கரண்டு மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர், ஹாலில். இளையவள், கால் மணி நேரத்தில் இன்டர்வியூவில் உட்கார வேண்டியவள், நடையில், லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்தபடி. அலுமினியக் குண்டான் ஒன்று, நடை அலமாரியில், குப்புற. மெக்கானிக்கின் மனைவியான மூத்தவள் வீட்டில் இல்லை; மருந்துக்கடையில் வேலையில் இருந்தாள். ஆனாலும் அவளையும் ஆஜர் பட்டியலில் சேர்த்துவிடுவது நல்லது.

இந்த நிலைமைக்கு வந்தது எப்படி என்றால், வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். ஹால், நடை, சமையலறை, கடைசியில் பின்அறை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் பீரங்கிக்கும் அசையாத சுவர். இரண்டு வருடத்துக்கு முன் இன்டர்நெட் கம்பெனி ஆள் வந்தபோது மாமியார்தான் பெட்டிக்கு இடம் காட்டினார்: ஹாலில், தன் நாற்காலியிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில். அங்கே வைத்த பெட்டியின் சிக்னல் சமையலறைக்கு மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேரும். பின்அறைக்குப் போகவே போகாது. செல்போன் டவரோ அந்தத் தெருவை என்றைக்கோ கைகழுவிவிட்டது. ஆக, அந்த வீட்டில் யார் யாரோடு முகம் பார்த்துப் பேச வேண்டுமானாலும் மாமியாரின் நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்துதான் பேசியாக வேண்டும்.

மாமியாருக்கு இது கொள்ளை வசதி. மூத்தவளுக்குக் கடை முதலாளியோடு என்ன உரசல், மாப்பிள்ளையின் அண்ணன் எந்த வீட்டைப் பார்த்துவிட்டு மூஞ்சியைச் சுளித்தான், மாமனாரின் சிநேகிதருக்கு எந்தப் பல் ஆடுகிறது, எல்லாம் உட்கார்ந்த இடத்தில் காதில் வந்து விழும். காலையில் விழுந்தது மத்தியானத்துக்குள் தெருக்கோடிக்குப் போய்விடும். மகள்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘ரேடியோ நிலையம்’. அவர் எதிரில் சொல்வதில்லை. அவருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

இளையவளின் போன இன்டர்வியூ அந்த ஹாலில்தான் நடந்தது. திரையில் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து கேட்டார்கள். அவளும் நன்றாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் மாமியார் நாற்காலியோடு நகர்ந்து வந்து, கேமராவுக்குள் தலையை நீட்டி, பெண்ணுக்கு ஏ.சி. ஒத்துக்கொள்ளாது, மூக்கு அடைத்துக்கொள்ளும், ஜன்னல் பக்கமாக இடம் கிடைக்குமா என்று விசாரித்தார். மூன்று பேரும் சிரித்தார்கள். வேலை வேறு யாருக்கோ போனது.

இந்த முறை வேலை வெளியூரில். முந்நூறு பேரை வடிகட்டி நான்கு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். மாமியார் காதில் ஒரு வார்த்தை விழுந்தால் போதும், சித்தி, பெரியம்மா, ஒன்றுவிட்ட அத்தை என்று ஆளாளுக்குப் போன் போட்டு, திரைக்கு முன்னால் உட்காருவதற்குள் பெண்ணைக் கரைத்துவிடுவார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை அவள் அக்கா கணவனைத் தனியாகப் பிடித்தாள்.

“பின்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு ஒரு மணி நேரம் பேசணும் அத்தான். வேற ஒண்ணும் வேணாம்.”

மெக்கானிக்குக்குக் கம்பியில்லாத எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. எட்டு மாடி லிஃப்டைக் கண்ணுக்குத் தெரியாத கயிற்றில் தொங்கவிடுவார்களா என்று கேட்பவன். இருந்தாலும் கேட்டவள் கொழுந்தியாள். முதலில் வீட்டை அளக்க வேண்டும். அந்த வேலையை மாமனாரிடம் கொடுத்தான். அவர் போனைக் கையில் ஏந்திக்கொண்டு, முப்பது வருடம் வீடு வீடாகச் செய்த அதே நடையில், அதே குரலில், ஒவ்வோர் அறை வாசலிலும் நின்று சிக்னல் கோடுகளை எண்ணி வாசித்தார். ஹால், நாலு. நடை, ரெண்டு. சமையல்ரூம், ஒண்ணு. பின்ரூம், பூட்டியிருக்கு. அறை திறந்துதான் இருந்தது. சைபர் என்பதை அவர் தொழிலில் அப்படித்தான் எழுதுவார்களாம்.

மெக்கானிக் ஹால் பெட்டியைக் கண்ணாடி பீரோவின் பின்னாலிருந்து இழுத்து, உயரத்தில் ஏற்றி, அதன் கொம்புகளை நிமிர்த்தினான். நடையிலும் சமையலறையிலும் ஒரு கோடு கூடியது; பின்அறை மட்டும் அசையவில்லை. பிறகு சிக்னலை வாங்கி நீட்டிவிடும் சின்னப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து நடை அலமாரியில் பாத்திரங்களுக்கு நடுவில் வைத்தான். பின்அறையில் மூன்று கோடு நின்றது. மாமனார் இரண்டு தடவை வாசித்து உறுதி செய்தார். மாமியார் மட்டும், இனிமேல் எல்லாரும் அவங்கவங்க மூலையிலேயே பேசிக்கலாமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் இளையவள் மெக்கானிக்கின் வேலையிடத்துக்குப் போன் போட்டாள்: பின்அறையில் ஒன்றுமே இல்லை. சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்து பார்த்தால் மூன்று கோடு. பக்கத்து வீட்டுச் சிக்னல் குறுக்கே பாய்கிறதோ என்று சேனலை மாற்றினான். செவ்வாய்க்கிழமை காலையிலும் ஒன்றுமில்லை. மெக்கானிக் வந்ததும் ஒழுங்காக ஓடுகிற லிஃப்டுகள் அவனுக்குப் பழக்கம். அப்படிப்பட்ட லிஃப்டில் பழுது பெரும்பாலும் மோட்டாரில் இருக்காது, அந்தக் கட்டடத்து ஆட்களில் யாரிடமாவதுதான் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். நடை அலமாரியில் பெட்டியைக் காணோம். அது இருந்த இடத்தில் அலுமினியக் குண்டான் கவிழ்ந்திருந்தது. அதன் விளிம்புக்கு அடியிலிருந்து ஒயர் மட்டும் எலி வால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

“தூசி விழுந்து கெட்டுப்போயிடுமேன்னு மூடி வச்சேன் மாப்பிள்ளை,” என்றார் மாமியார், நாற்காலியிலிருந்து எழாமலே. சாயங்காலம் மட்டும் ஏன் திறக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, சாயங்காலம் பாத்திரம் வேணுமே என்றார். டி.வி. மேல் விரலால் பெயர் எழுதும் அளவுக்குத் தூசி படிந்திருந்தது. ஆனால் மாமியாரிடம் சொல்லக்கூடிய வார்த்தைகளுக்கு ஓர் எல்லை உண்டு.

மாமியார் இதை எங்கே கற்றார் என்பதை மாமனார்தான் பிறகு காதோடு சொன்னார். மாமனார் போனில் சீட்டாடி பேட்டரியைத் தீர்த்துவிடுகிறார் என்று, போன மாசம் அவரிடமிருந்து தன் போனை ஒளிப்பதற்காக மாமியார் அதே குண்டானுக்குள் போட்டு அலுமினியத் தட்டால் மூடி வைத்திருக்கிறார். அரை நாள் ஓர் அழைப்பும் வரவில்லை. தங்கை வீட்டில் நடந்த பெரிய சண்டை மாமியாருக்கு ஒரு நாள் பிந்தித்தான் கிடைத்தது. அந்த நஷ்டத்தை அவர் மறக்கவில்லை. பாடத்தையும் மறக்கவில்லை.

புதன்கிழமை மெக்கானிக் தன் மதத்துக்குத் திரும்பினான். கம்பிதான். பழைய டி.வி. ஆன்டெனாவுக்குப் போட்ட குழாய் ஹாலிலிருந்து மொட்டைமாடி வழியாகப் பின்அறைக்கு இறங்குகிறது. அதில் முப்பது மீட்டர் நீல ஒயரை இழுத்தான். மாமியார் தெருமுனைக் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் வேலை முடிந்தது. பின்அறை முனையில், பரணில் கிடந்த பழைய பெட்டியை மாட்டி, அங்கேயும் அதே பெயரில் சிக்னல் வரும்படி செய்தான். போகிற போக்கில் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் அடித்தான். கதவு சரியாகப் பூட்டாமல் லிஃப்ட் ஓர் அங்குலம் நகராது. இதற்கு மட்டும் வேறு சட்டமா என்ன. நடையில் இருந்த சின்னப் பெட்டியை அப்படியே விட்டுவைத்தான். பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கட்டும், மாமியார் அதைக் கவிழ்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கட்டும் என்பது அவன் திட்டம்.

திட்டம் மூன்று மணி நேரம்தான் தாங்கியது. ஒரு வீட்டில் எந்தக் கருவிக்கு எந்த எண் என்று விலாசம் எழுதிக் கொடுக்கும் வேலையை ஒரே பெட்டிதான் பார்க்க வேண்டும். பழைய பெட்டியில் அந்த வேலையை நிறுத்த மெக்கானிக் மறந்துவிட்டான். இரண்டு பெட்டியும் ஆளுக்கொரு விலாசம் எழுதித் தள்ள, வீடு முழுக்க இன்டர்நெட் படுத்துவிட்டது. மாமியார் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தபோது, ‘ஆனா நான் உன்கிட்ட சொன்னேன்னு’ என்ற இடத்தில் படம் உறைந்தது. மெக்கானிக் ஹாலில் எதையும் தொடாமல் நேரே பின்அறைக்கு ஓடினான். அங்கேதான் தப்பு பண்ணினான். மாமியார் பின்னாலேயே வந்து, நீல ஒயரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். தாழ்ப்பாளைப் பார்த்தார். இளையவளைப் பார்த்தார். புதுசா இருக்கே என்று மட்டும் சொன்னார். மெக்கானிக் விலாசத் தகராறைத் தீர்த்தான். இனி ஏமாற்ற யாரும் இல்லாததால், நடையில் இருந்த சின்னப் பெட்டியைக் கழற்றிப் பையில் போட்டான்.

வியாழக்கிழமை பத்து நாற்பதுக்கு மாமியார் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்அறைக்குப் போனார். ட்ரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாக எடுத்து நான்காக, எட்டாக, பதினாறாக மடித்தார். இங்கேதான் காற்று நன்றாக வருகிறதாம். அந்த அறைக்கு ஜன்னலே ஒன்றுதான், அதுவும் சுவரைப் பார்த்தது. போன தடவை நடந்ததை நினைத்து இளையவளின் முகம் செத்துப்போயிருந்தது.

“அம்மாவை எழுப்ப முடியாது அத்தான். நான் கேன்சல் பண்ணிடறேன்,” என்றாள் நடையில், கிசுகிசுப்பாக.

மெக்கானிக் ஹாலுக்குப் போய் மனைவிக்கு ஒரு வரி எழுதினான்: சித்தி வீட்டு விஷயத்தை இப்போதே அவிழ்த்துவிடு. சித்தி வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு அதே வீட்டின் மாடிக்குக் குடிபோய், மனைவியோடு மெசேஜில் மட்டும் பேசிவந்தார். தன் அக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்று சித்தி கேட்டுக்கொண்டதால் மூத்தவள் இதை மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்தாள். பெற்ற தாயிடம் அப்படி ஒன்றை மறைப்பது லேசான வேலை இல்லை. இரண்டு நிமிடத்தில் மாமனாரின் போன் அடித்தது.

“மூத்தவ கூப்பிடுறா. சித்தி வீட்டுல ஏதோ நடந்திருக்காம்,” என்று மாமனார் மீட்டர் வாசிக்கிற குரலிலேயே உள்ளே பார்த்து அறிவித்தார்.

பதினாறாவது மடிப்பில் மாமியாரின் கை நின்றது. ஆனால் அவர் எழவில்லை.

“இங்கயே கொண்டாங்க. இப்பதான் இங்கயும் சிக்னல் வருதே. மாப்பிள்ளை புண்ணியம்.”

மெக்கானிக் பல்லைக் கடித்தான். தான் கட்டிய பாலத்தில் எதிரி நடந்து வருவதைப் பார்க்க நேர்ந்தவன் வேறென்ன செய்வான். மாமனார் போனை ஏந்திக்கொண்டு புறப்பட்டார். திரையில் மூத்தவள் பேசிக்கொண்டே இருந்தாள். ஹால், நாலு. நடை, மூணு.

அப்போது மெக்கானிக்கின் கண் அலமாரிக்குப் போனது. எட்டிக் குண்டானை எடுத்தான். மாமனாரை முந்திக்கொண்டு பின்அறைக்குள் நுழைந்து, மேஜை மேலிருந்த பழைய பெட்டியின் மேல் அதைக் கவிழ்த்தான். ஒயர் மட்டும் விளிம்புக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது.

“தூசி, அத்தை,” என்றான்.

மாமனார் வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தார். “சித்தப்பா இப்ப மாடியில...” என்று சொல்லிவிட்டு மூத்தவள் வாயைத் திறந்தபடியே உறைந்தாள்.

“பின்ரூம், பூட்டியிருக்கு,” என்றார் மாமனார்.

இளையவள் உள்ளே வந்து, குண்டானுக்கு அடியில் கைவிட்டு, நீல ஒயரைப் பெட்டியிலிருந்து உருவி லேப்டாப்பில் செருகினாள். அந்த ஒயருக்குக் குண்டானும் ஒன்றுதான், குடமும் ஒன்றுதான். மணி பத்து ஐம்பத்தெட்டு.

மாமியார் குண்டானைப் பார்த்தார். திரையில் வாய் திறந்து நின்ற மூத்த மகளைப் பார்த்தார். மாடியில் என்ன? யாரோடு? எத்தனை நாளாக? துண்டு மடியிலிருந்து நழுவியது. மெல்ல எழுந்து, மாப்பிள்ளையின் முன்னால் வந்து நின்றார்.

“எனக்கு எல்லாம் தெரியும் மாப்பிள்ளை. இவளுக்கு வேலை எந்த ஊருன்னு கூடத் தெரியும்.” குரலைத் தாழ்த்தினார். “இருந்தாலும் மூத்தவ மாடியில என்னன்னு சொல்ல வந்தா, அதைக் கேக்கணும்ல?”

கணவர் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு ஹாலை நோக்கி நடந்தார், வயசுக்கு மீறிய வேகத்தில். மாமனார் பின்னால் ஓடினார். மெக்கானிக் கடைசியாக வெளியே வந்தான். நடையில் இரண்டு கோடு ஏறியதும் மூத்தவளின் வாய் மறுபடி அசைய ஆரம்பித்தது. பின்அறைக் கதவு சாத்திக்கொண்டது. புதுத் தாழ்ப்பாள் உள்ளே க்ளிக்கென்று விழுந்தது.