எலுமிச்சந்தோல் அண்டா

"கறை போறதுக்கு ஊறணும் ஊறணும்னு பாதி நாளு ஓட்டிட்டு—"

"கறை போவுதா இல்லியா, அத்தச் சொல்லு அண்ணாத்த! உன் ஆசிட்டுல ஆளே போவுது—"

"வாய மூடுடீ! நீங்க காச்சுன கருமத்துலதான் அவ வுழுந்தா!"

"நேத்து அவ கையில கேனக் குடுத்தது யாரு? நீயா, நானா?"

கிழக்கே கடல் இன்னும் வெளுக்கவில்லை. மாமல்லபுரத்துக்கு வடக்கே, ஈ.சி.ஆர். ஓரத்து விடுதியின் சமையற்கூடத்துக்குப் பின்னால் விறகடுப்பில் அண்டா கொதித்தது. பிழிந்தெறிந்த எலுமிச்சந்தோல், புளிச்சக்கை, கல்லுப்பு, அரிசி கழுவிய தண்ணீர். துப்புரவு வேலை பார்க்கும் அன்பரசி புகையில் கண் எரியக் கிளறிக்கொண்டே பேசினாள். எதிரே தாமோதரன், அறை கழுவும் வேலையைக் குத்தகைக்கு எடுத்தவன். அவன் காலடியில் புது ஆசிட் கேன்.

கடலோர போர்வெல் தண்ணீர் பட்டு டைல்ஸில் உப்புப் பொருக்குத் தட்டிப் போகும். ஆசிட் அதை நொடியில் தின்னும். கூடவே பெண்களின் நகத்தையும் தின்னும். அதனால்தான் அவர்களே குப்பைக்குப் போவதை வாரி வந்து காய்ச்சினார்கள். முதலில் சமையல் சோடாவைத் தூவி, மேலே புளித்தண்ணீரை ஊற்றுவார்கள். புஸ்ஸென்று நுரைக்கும். ஊறவிட்டு, தேங்காய்நாரால் தேய்த்தால் தரையில் முகம் பார்க்கலாம்.

நேற்று விடுமுறைக் கூட்டம். ஊற நேரமில்லையென்று தாமோதரன் கூட வேலை செய்யும் ரெபேக்காளிடம் பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் திணித்தான். இரண்டும் சேர்ந்தால் விஷப்புகை கிளம்பும், சேரக்கூடாதென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் கை பழகியதைச் செய்தது: வெள்ளைப் பொடியைத் தூவியது, மேலே ஊற்றியது. ஏ.சி. குளிர் போகக்கூடாதென்ற உத்தரவுப்படி கதவும் சாத்தியிருந்தது. அன்பரசி கதவை உடைத்தபோது மஞ்சள் புகைக்குள், வாயில் நுரையும் ரத்தமுமாக, தன் கழுத்தைத் தானே பிறாண்டிக்கொண்டு கிடந்தாள் ரெபேக்காள். இப்போது செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடக்கிறாள்.

"மேனேஜர் வந்துகினு கீறாரு," என்றான் தாமோதரன். "புளித்தண்ணி வாடையிலதான் அவ மயக்கம் போட்டான்னு எல்லாரும் ஒரே வாயா சொல்றீங்க. சொல்லாதவ வூட்டுக்குப் போலாம்."

"அப்பிடிச் சொன்னா அவ வைத்தியச் செலவ யாரு பார்ப்பாங்க?"

"அவ புருசன் பாக்கட்டும். அவன் இன்னா செத்தா பூட்டான்?"

"த்தூ! நீயெல்லாம் சோறுதான் துன்றியா?"

அவன் அண்டாவை எட்டி உதைத்தான். கொதிநீர் சீறிப் பாய்ந்தது. எப்போதும் 'நமக்கேன்டீ வம்பு' என்று ஒதுங்கும் சக வேலைக்காரி சந்திரம்மா பக்கத்தில் நின்றிருந்தாள்; அவள் பாதம் வெந்தது. அவள் அலறலில் காக்கைகள் எழுந்து பறந்தன. அன்பரசி அண்டா கிளறிய துடுப்பை ஓங்கினாள். அதற்குள் அவன் கை அவள் வாயில் விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. அவன் மறுபடி ஓங்கிய கையைப் பின்னாலிருந்து பிடித்து முறுக்கினான் தோட்டக்கார எல்லப்பன்.

"வுட்றா! நீ பொம்பளையா, நடுவுல பூர்றதுக்கு?"

"நானும் உன் கேனத் தூக்குனவன்தான், நைனா. கை பாரு, தோலு கீதா?"

அன்பரசி துடுப்பைக் கீழே போட்டாள். முந்தின நாள் காய்ச்சி ஆறவைத்திருந்த வாளியில் மக்கை முக்கி மொண்டாள். அண்ணாந்து குடித்தாள். கிழிந்த உதட்டில் உப்பும் புளிப்பும் நெருப்பாய்க் காந்தின. கண்ணில் நீர் முட்டியது. நிறுத்தாமல் குடித்தாள்.

"இதுலதான் அவ வுழுந்தாளா? பாரு, நிக்கிறேன்."

வெந்த காலை இழுத்துக்கொண்டு வந்தாள் சந்திரம்மா. "இங்க குடுடீ." குடித்துவிட்டு முகம் சுளித்தாள். "தூ, உப்பு ஜாஸ்தி." அழுகையோடு யாரோ சிரித்தார்கள். மக்கு கைமாறியது. எல்லப்பன் குடித்தான். துணி துவைப்பவர்கள், பாத்திரம் தேய்ப்பவர்கள், விடிகாலைப் பஸ்ஸில் கடப்பாக்கத்திலிருந்து வந்திறங்கிய பெண்கள், ஒவ்வொருத்தரும் குடித்தார்கள். கழுவப் போக யாரும் அறைச் சாவியைத் தொடவில்லை. முன்வாசலில் மேனேஜரின் கார் ஹாரன் கேட்டது.

"போங்கடீ உள்ள!" என்றான் தாமோதரன். "எல்லாருக்கும் சீட்டுக் கிழிஞ்சிரும்!"

கூட்டம் நகரவில்லை. அவனைச் சுற்றி நெருங்கியது. அன்பரசி ஆசிட் கேனைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

"நீ குடிக்கக்கூட வேணாம் அண்ணாத்த. பொடியத் தூவி, மேல ஊத்தி, கதவச் சாத்திகினு ஒரே ஒரு தபா மூச்சு இஸ்துட்டு வா."