தெரிந்தே கடித்த நாய்

கிட்டே வந்து உட்காருங்கள், செல்லங்களே. கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். இன்றைக்கு ஒரு சண்டைக் கதை. சொல்லும்போது எனக்கே கோபம் வரும். அது உங்கள் மேல் இல்லை.

ஒரு தையற்காரி, அண்ணன் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுப் பிழைத்தாள். அவள் வளர்த்தது கண்ணால் பார்த்தே விரட்டிப் பிடிக்கும் வேட்டை இன நாய். நீண்ட மூக்கு, ஒட்டிய வயிறு, வரிவரியாய் விலா எலும்பு. ஊசிக் காதுக்குள் நுழைந்துவிடும் போலிருந்ததால் பெயர் நூலு. உடம்பில் கொழுப்பு கிடையாது, தோலோ காகிதம். வெறுந்தரையில் படுத்தால் முட்டி புண்ணாகிவிடும். வெட்டுத்துணிகளைத் திணித்து மெத்தை தைத்துப் போட்டிருந்தாள். தலையைவிடக் கழுத்து பருமன், சாதாரணப் பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிடும் என்று அகலப் பட்டையும் தைத்தாள். ஓடினால் காற்று. மற்றபடி எந்நேரமும் தூக்கம்.

அண்ணன் பஸ் டிரைவர். ஒருநாள் வேலை முடிந்து வந்தவர் போகிற போக்கில் நாயின் முதுகைத் தடவினார். அது திடுக்கிட்டுக் கையைக் கவ்விவிட்டது. மறுநாள் காலையில் வாசலில் வேன் நின்றது. நாயை ஏற்றிப்போக அண்ணன் வரவழைத்தது, ஊருக்கு வெளியே குடோன் வைத்திருக்கும் நண்பரின் வேன்.

"தெரிஞ்சே கடிச்சுது! என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டே கடிச்சுது. கண்ணு முழுசா தொறந்திருந்துச்சு!"

"அது தூங்கிட்டிருந்துச்சுண்ணே. இந்த நாய்ங்க கண்ணத் தொறந்துகிட்டே தூங்கும். பேரச் சொல்லி எழுப்பிட்டுத் தொடுன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"யார் காதுல பூ சுத்துற? நான் அப்படித் தூங்கியிருந்தா பஸ்ஸு எந்தக் கொளத்துல கெடக்கும்?"

"குடோன்ல சங்கிலி போட்டு சிமெண்ட் தரையில கட்டுவாங்க. ஒரு குளிர்கூடத் தாங்காது. செத்துரும்ணே."

"சோறு போடாம எலும்புக்கூடா வச்சிருக்க, நீ பேசுறியா சாவப் பத்தி?"

அந்தச் சொல்தான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கத்தரிக்கோலை மேஜைமேல் வீசினாள்.

"அது ஒடம்பு வாகு! கொழுக்க வச்சா காலு ஒடியும். அவ்வளவு பாசம்னா உன் தொப்பைய அதுக்கு எழுதி வை! வேன்ல நாய் ஏறுச்சுன்னா மெஷினோட நானும் ஏறிடுவேன். உன் யூனிஃபாரத்துக்கு யாரு பட்டன் தைக்கிறான்னு பாக்குறேன்."

அண்ணி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் தங்கையை விட்டுவிட்டு, மெத்தைக்கு எட்டத்தில் குந்தி நாயைத் திட்ட ஆரம்பித்தார்.

"ஏய், ஒனக்கு நன்றி இருக்கா? எவன் வீட்டுல இருக்கோம்னு தெரியுதா? மொறைக்குது பாரு! கொஞ்சமாவது வெக்கம் இருக்கா?"

நூலு இமைக்காமல் அவரையே பார்த்தது. மெஷின் சத்தத்திலேயே வளர்ந்த நாய் அது. இந்தக் கத்தலெல்லாம் அதற்கு எம்மாத்திரம்? பிறகு அதன் முன்னங்கால் ஒன்று உதறியது. நாலு காலும் படுத்தபடியே ஓடின. பழைய டயரில் காற்று இறங்குவதுபோல ஒரு குறட்டை வந்தது.

"ஏங்க," என்றாள் அண்ணி, "இவ்வளவு நேரமும் தூங்குற நாய்கிட்டயா நியாயம் கேட்டீங்க?"

வாசலில் வேன்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அண்ணன் முகம் கறுத்துப்போயிற்று.

"சரி சரி. நீ கெளம்புப்பா," என்றார் அவரிடம்.

"அது போதாது," என்றாள் தங்கை. "பேரச் சொல்லி எழுப்பு."

அதுவரை 'அது', 'இது' தவிர அவர் வாயிலிருந்து வந்ததில்லை. "நூலு," என்று முனகினார். ஒரு காது நிமிர்ந்தது. கொஞ்சம் உரக்கச் சொன்னார். நாய் எழுந்து சோம்பல் முறித்து, வந்து மொத்த உடம்பையும் அவர் காலில் சாய்த்து நின்றது. கட்டுப் போட்ட கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

தங்கையின் கோபம் தணியவில்லை. சோறு போடவில்லை என்று சொன்னவரோடு எளிதில் பேச முடியுமா? அவர் கூப்பிட்டபோதெல்லாம் மெஷினைத்தான் ஓடவிட்டாள். அவரோ அன்றிலிருந்து, பஸ் ஸ்டாப் வரப்போவதை அறிவிப்பதுபோல வாசலிலேயே, "நூலு, நான்தான் வர்றேன்," என்று சொல்லிவிட்டே உள்ளே நுழைந்தார்.

தங்கங்களே, உங்கள் வீட்டில் படுக்கிற ஒவ்வொரு உயிருக்கும் மெத்தென்று ஓரிடம் இருக்கட்டும். கோபம் வந்தால் வரட்டும். யாரையும் ஏற்றிக்கொண்டு போக உங்கள் வாசலில் வண்டி மட்டும் வந்து நிற்காதிருக்கட்டும்.