வீசல் பின்னிய பிடரி

அண்ணன் தோக்தார் இறந்த அன்றே, எங்கள் மேய்ச்சல்நில வழக்கப்படி அவருடைய கறுப்புக் குதிரையின் வாலைக் கத்தரித்துவிட்டோம். இனி அதில் யாரும் ஏறக்கூடாது. வருட நினைவு விருந்தில் அதை அறுக்க வேண்டும். அப்போதுதான் போனவருக்கு அங்கே ஏறிக்கொள்ளக் குதிரை கிடைக்கும். அறுக்க வேண்டியவன் நான்.

அண்ணி குல்சிராவுக்கு அது தாங்கவில்லை. பிள்ளையில்லாத வீட்டில் அவளுக்கு மிஞ்சியது அந்தக் குதிரைதான். விருந்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு நாள் காலையில் லாயத்திலிருந்து கூச்சல் போட்டாள். ஓடினேன். பிடரி மயிர் முழுக்கச் சின்னச் சின்னப் பின்னல்.

"வீசல் வேலை, மீசைக்காரரே! ராத்திரி பூரா ஏறி ஓட்டியிருக்கு." கணவன் வழி ஆண்களை அவள் பேர் சொல்லமாட்டாள்; எனக்கு வைத்த பட்டம் அது.

வீசல் கீரி மாதிரி இருக்கும்; ஆனால் கீரியில் கால்வாசிகூட இல்லாத அந்தப் பிராணி குதிரையேறும், பிடரியைப் பின்னும் என்பது எங்களில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அது ஏறிய குதிரையை விருந்துக்கு அறுக்கமாட்டோம்.

"ஏன் அண்ணி, வீசல் உங்க தறியில இருக்கிற சிவப்பு நூல்லயா முடிச்சுப் போடும்?"

"அதுவும் பொம்பளைதானே. நல்ல நூலக் கண்டா விடுமா?"

இருவரும் சிரித்தோம். பெரியவர்களிடம் போய், வீசல்தான் என்று வெட்கமில்லாமல் சத்தியம் செய்தேன். அவர்கள் என்ன ஏமாளிகளா? எல்லாப் பின்னலையும் அவிழ்க்கச் சொன்னார்கள். விருந்துக்கு முந்தின நாள் காலை வந்து பார்ப்பார்களாம். அப்போது புதுப் பின்னல் இருந்தால் வேறு குதிரை.

அதற்கு இரண்டு நாள் இருக்கும்போது கொதித்த பால் கொட்டி அண்ணியின் இரண்டு கையும் வெந்துபோயின. கரண்டிகூடப் பிடிக்க முடியவில்லை.

"நீங்களாவது வந்து பின்னுங்க" என்று அழுதாள். பெரியவர்கள் பார்க்க வரும் அன்று விடியும்போதே வருவதாக வாக்குக் கொடுத்தேன்.

போனபோது அண்ணி லாயத்தில் நின்றிருந்தாள். "நல்லாவே பின்னியிருக்கீங்க" என்றாள்.

"நான் இப்பத்தானே வர்றேன்."

குதிரை வியர்வையில் நனைந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பிடரியில் தடித்த ஒற்றைப் பின்னல், நாலு புரி. அண்ணன் சாட்டை பின்னும் முறை. அப்படிப் பின்ன ஊரில் வேறு யாருக்கும் வராது.

அண்ணி துணி சுற்றிய கையால் அதைத் தடவினாள்.

"அவருக்கு நடந்து பழக்கமே இல்ல" என்றாள். "இத்தன நாளா அங்கேருந்து நடந்தே வந்திருக்காரு. நான் தரமாட்டேன்னு பிடிச்சு வச்சிருக்கேன்."

"அண்ணி..."

"பெரியவங்க வர்றதுக்குள்ள அவுத்துடுங்க."

அந்த நாலு புரி என் விரலுக்குப் பிடிபடவில்லை. அவள் என்னை விலக்கிவிட்டுக் குனிந்து, பின்னலைப் பல்லால் கடித்து அவிழ்க்கத் தொடங்கினாள்.