ஓலை போட்ட பாதை

குறிஞ்சிப்பிட்டியிலிருந்து தலவில அன்னம்மாள் கோயில் திருநாளுக்குச் சைக்கிளில் போகிறவர்களுக்கு வருசா வருசம் பாதை பார்த்துச் சொல்கிறவள் இசபெல். அவள் போட்ட சட்டம் ஒன்றுதான். மெதுவாக ஓடுகிறவர் முன்னால், வேகக்காரர் பின்னால், யாரும் முந்தக் கூடாது. கிழவிகளும் சின்னப் பிள்ளைகளும்கூட அப்படித்தான் கோயில் போய்ச் சேர்ந்தார்கள்.

வடக்கில் சண்டை மூண்டிருந்த அந்த வருசம், தார் றோட்டில் ஆமிக்காரர் மறித்து அட்டை பார்க்கிற சென்றி ஒன்று புதிதாக வந்தது. அடையாள அட்டையில் வடக்குப் பக்கத்து மன்னார் விலாசம் இருந்த ஒருவரை அங்கே இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் இன்னும் திரும்பவில்லை. இசபெலின் புருசன் நிக்கொலஸின் அட்டையும் மன்னார்தான்.

"இந்த முறை நீங்க வீட்டில நில்லுங்க," என்றாள் இசபெல்.

"மகளுக்குக் காய்ச்சல் மாறினா நானே மிதிச்சு வாறன் எண்டு அன்னம்மாளுக்கு நேர்ந்தது நான்தானே?"

"நேர்த்தி வைக்கக்குள்ள உங்கட கால நினைக்கல்லியா?"

அவனுக்கு இடது கால் சூம்பினது. தாரில் ஒருவாறு மிதிப்பான். மணலில் சக்கரம் புதைந்தால் அவனால் ஏலாது. தாரிலோ சென்றி. சென்றி இல்லாத பக்கமெல்லாம் மணல்.

யோசித்து யோசித்து, கடைசியில் ஹாசிம் நானாவிடம் போனாள். அவருடைய தென்னந்தோட்டத்துக்குள்ளால் ஒரு மணல் பாதை சென்றிக்கு அப்பால் போய்த் தார் றோட்டில் ஏறியது.

"ஓலை பரப்பினா சைக்கிள் போகும் தங்கச்சி. வெங்காய லொறி புதைஞ்சா நாங்க அப்பிடித்தான் எடுக்கிற. ஆனா பச்ச ஓலை தூரத்திலயே கண்ணில படுமே."

"காஞ்சது நொறுங்கிப் போகும் நானா. பச்சையே தாங்க."

திருநாளன்று காலையில் ஓலைமேல் சைக்கிள்கள் சரசரத்துக்கொண்டு போயின. முன்னால் நிக்கொலஸ்.

"மாப்பிள்ளை ஊர்கோலம் போறார் பாருங்க," என்றாள் அவனுக்குப் பின்னால் வந்த றோசமேரியக்கா. "நான் ஏறினா ஓலையில்ல, மரமே நெளியும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். இசபெலும் சிரித்தாள். ஓலை முடிகிற இடத்தில் இரண்டு சிப்பாய்கள் நின்றிருந்தார்கள்.

"யார் போட்டது?" என்றான் ஒருவன், ஓலையைக் காட்டி.

"நான்தான் சேர். மிதிக்க ஏலாத ஆக்களுக்கு."

"ஏலாத ஆக்களுக்குத் தார் றோட் லேசுதானே. ஏன் மணலில் வந்தது?"

எத்தனையோ யோசித்த இசபெல் இதை யோசிக்கவில்லை. சிப்பாய் அவளை விட்டுவிட்டு முன்னால் நின்ற நிக்கொலஸிடம் அட்டைக்குக் கை நீட்டினான். நடுவில் விட்டிருந்தாலாவது நிக்கொலஸ் மெல்லத் திரும்பிப் போயிருப்பான். முன்னால் விட்டது அவள்தான்.

அட்டையைப் பார்த்த சிப்பாய், "மன்னார்தான்," என்று மற்றவனிடம் சிங்களத்தில் சொன்னான். பிறகு நிக்கொலஸிடம், "சென்றிக்கு வா. சைக்கிளைத் தள்ளு."

நிக்கொலஸ் திரும்பினான். "நீ சனத்தைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போ. நேர்த்தி உன்ர பொறுப்பு."

அவன் சிப்பாய்களுக்கு நடுவில் நொண்டி நொண்டித் தள்ளிக்கொண்டு போவதை இசபெல் பார்த்து நின்றாள்.

"இப்ப எந்தப் பாதை, பிள்ளை?" என்று தணிந்த குரலில் கேட்டாள் றோசமேரியக்கா.

"தார் றோட்டு. அவர் முன்னுக்கு. யாரும் முந்தாதீங்க."

தார் றோட்டில் ஏறியபோது சிப்பாய் திரும்பிப் பார்த்தான். கிழவிகளும் பிள்ளைகளுமாக அத்தனை சைக்கிளும் பின்னால் உருட்டிக்கொண்டு வந்தன.

"கோயில் அந்தப் பக்கம். போங்க," என்றான்.

ஒருவரும் போகவில்லை. சென்றியின் மண்மூட்டைகளுக்கு முன்னால் நிக்கொலஸை நிறுத்தினார்கள். அவனுக்குப் பின்னால் எல்லாரும் வரிசையாக நின்றார்கள்.