வெர்னா வீட்டுப் புல்வெளியில் கிடந்த நிழல்

பிரெய்லி கிராசிங் போலீஸின் கவச வண்டி, அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை வெர்னா பிக்ஸ்பியின் வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது தன் நிழலை அங்கேயே விட்டுவிட்டு வந்தது. அந்த வருஷம் மிசூரியில் சோயா விலை இறங்கியிருந்ததால் ஊரில் முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாலைவனத்துக் கண்ணிவெடிகளைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட அந்த வண்டியை ராணுவம் ஊருக்குச் சும்மா கொடுத்திருந்தது. வருஷத்துக்குள் ஒரு தடவையாவது போலீஸ் வேலைக்கு எடுக்க வேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. பூசணித் திருவிழா ஊர்வலத்தில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றியது கணக்கில் வராது என்று தெரியவந்தபோது கெடு முடிய ஒரு வாரம்தான் இருந்தது. அந்த வாரம் பார்த்து, வெர்னாவின் மகன் டாரல் டிரம்ஸ் அடிப்பதைத் தாங்க முடியவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தார். போலீஸ் தலைவர் கிளின்ட் ஓசன்பாக் வண்டியை அனுப்பிவைத்தார். அதில் போன ட்ரெவர் மெக்கேப், யாரும் சொல்லாமலே, வண்டியோடு வந்த, வெடிச் சத்தத்தாலேயே ஆளை நிலைகுலைய வைக்கும் சத்தக் குண்டு ஒன்றை எடுத்து ஜன்னல் வழியாக வீசினான். டாரலுக்கு இரண்டு காதும் கேட்காமல் போயின.

நிழல் நண்பகலில் சுருங்கவில்லை, மேகம் மூடினால் மங்கவும் இல்லை. மார்ச்சில் ஊரெல்லாம் பனி உருகிய பிறகும் அதன்மேல் மட்டும் உருகவில்லை. தபால்காரர் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகினார். நிழலில்லாத வண்டியோ போலீஸ் கொட்டகையில் நின்றது.

நகரசபைக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் மூன்று நிமிஷம் பேசலாம். அதற்குமேல் போனால் மணி அடிப்பார்கள். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறி ஓய்வுபெற்ற வெர்னா, மாதம் தவறாமல் போய் நின்றாள்.

"ஏம்ப்பா கிளின்ட், ஸ்கூல்ல ரெண்டாம் தடவையும் நீ தட்டை நீட்டுனப்ப மக்ரோனி வச்ச கை இது. குண்டு போட்டது யாருன்னு இந்த மைக்குல ஒரு வாட்டி சொல்லிடு. அவன் இனிமே யூனிஃபார்ம் போடக் கூடாது. வேற ஒண்ணும் கேக்கல."

"அது டிபார்ட்மென்ட் உள்விவகாரம், வெர்னாம்மா. அஞ்சு பேர் பாக்குற வேலைய ரெண்டு பேர் பாக்குறோம். அவனையும் அனுப்பிட்டா, ரோந்துக்கு என் நாயையா அனுப்புறது?"

"அனுப்புப்பா. அதுக்குக் குண்டு வீசத் தெரியாது."

சபை சிரித்தது. மணி அடித்தது.

அடுத்த கோடையில் ட்ரெவர் தானாகவே ராஜினாமா செய்தான். அதனால் அவன்மேல் எந்தக் கறையும் பதிவாகவில்லை. ஆள் கிடைக்காமல் தவித்த பக்கத்து ஊர் லார்க்டன் அவனை உடனே சேர்த்துக்கொண்டது. அவன் அங்கே யூனிஃபார்ம் போட்ட காலை, வெர்னாவின் புல்வெளி வெறுமையாக இருந்தது. நெடுஞ்சாலை ஓரமாக நிழல் ஊர்ந்து போனதைச் சோள லாரிக்காரர்கள் பார்த்து, ஒதுங்கி வழிவிட்டார்கள். மத்தியானம் லார்க்டன் காவல் நிலையத்தில் விளக்குப் போட வேண்டியதாயிற்று.

லார்க்டன் தலைவர் போனில் கத்தினார். "யோவ் கிளின்ட், உன் வண்டி நிழல் எங்க கட்டடத்து மேல படுத்திருக்குய்யா! ஆளு எப்படின்னு கேட்டதுக்குத் தங்கமான பையன்னியே!"

"இழுத்துட்டுப் போக லாரி அனுப்பவா?"

"நிழலுக்கு எங்கய்யா கொக்கிய மாட்டுவ?"

லார்க்டன் அவனை அனுப்பிவிட்டது. மூன்றாவது ஊருக்கு அவன் போவதற்கு முந்தின நாளே நிழல் போய்ச் சேர்ந்திருந்தது.

அந்த மாதக் கூட்டத்தில் கிளின்ட் தொப்பியைக் கழற்றிவிட்டு, பொதுமக்கள் வரிசையில் நின்றார். மைக்கில் ட்ரெவர் மெக்கேப்பின் பெயரைச் சொன்னார். வண்டியை அனுப்பியது தான்தான் என்றும் சொன்னார். வெர்னா டாரலின் பக்கம் திரும்பி, அந்தப் பெயரை உதடுகளால் மெதுவாகச் சொல்லிக் காட்டினாள். மணி அடித்தது. டாரல் மட்டும் கிளின்ட்டின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ட்ரெவர் இப்போது ஆர்கன்சா பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மூட்டை அடுக்குகிறானாம். உள்ளே எப்போதும் இருட்டு என்பதால் முதலாளிக்கு ஆட்சேபணை இல்லை. வண்டி இன்றும் பூசணித் திருவிழாவுக்கு நிழலில்லாமல்தான் வருகிறது. எங்கள் பக்கத்து ஊர்களில் போலீஸுக்கு ஆள் எடுக்கும்போது, வந்தவரை நண்பகலில் கார் நிறுத்துமிடத்தின் நடுவில் நிற்கவைக்கிறார்கள். தலைவர்கள் கைகட்டி நின்று, கொஞ்ச நேரம் தரையைப் பார்க்கிறார்கள். அதற்கப்புறம்தான் பெயரே கேட்கிறார்கள்.