நெற்றியில் எழுதியது

சஃபேத் நகரத்துப் பெண்கள் எல்லோரும் அந்த வாரம் தலைத்துணியைப் புருவம் வரை இழுத்துக் கட்டிக்கொண்டு திரிந்தோம். அவரவர் செய்த பாவம் நெற்றியில் எழுத்து எழுத்தாக மின்னும் என்றும், அதை வாசிக்கும் வித்தையை எங்கள் யூத குருவான ரப்பி தம் சீடர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார் என்றும் பேச்சு. பக்கத்து வீட்டு எஸ்த்ரெயா, துணி கண்ணில் இறங்கி வழி தெரியாமல் கம்பளிச் சாயத் தொட்டிக்குள் காலை விட்டாள்.

"ஏண்டி லூனா, உன் வீட்டுக்காரர் சந்துக்குள்ள வரும்போது கொஞ்சம் இருமிக்கிட்டு வரச் சொல்லுடி. நாங்க சுவத்தப் பாத்துத் திரும்பிக்கிறோம்" என்றாள், நீலக் காலைத் தேய்த்தபடி.

"அப்படி என்னடி பண்ணிட்ட?"

"பண்ணினது கம்மிதான். நெனச்சதுதான் நெறைய."

எனக்கு நினைத்ததைப் பற்றிப் பயமில்லை. செய்ததுதான். என் கணவர் ஒவாதியா அந்தச் சீடர்களில் ஒருவர். ரப்பி சொல்வதையெல்லாம் எழுதி, தாள் கட்டாகப் பெட்டியில் வைத்திருந்தார். நாற்பது வயதாகாத ஆண்களே தொடக்கூடாத தாள்கள். ஆண்பிள்ளை இல்லாத என் அப்பா எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். தினமும் காலையில் ஒவாதியா மகான்களின் கல்லறைமேல் குப்புறப் படுத்துத் தியானிக்கப் போவார். நான் பெட்டியைத் திறப்பேன். படைப்பின்போது ஒளியைத் தாங்காமல் கலங்கள் உடைந்தன என்று வாசித்த அன்று, நானும் ஒரு சட்டியை உடைத்தேன். வருத்தமே வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் வந்து சொன்னார்: "நாளைக்குள்ள வீட்டுல ரப்பி ஒருத்தர் நெத்தியையாவது வாசிச்சிட்டு வரச் சொல்லியிருக்கார். வீட்டுல நீ ஒருத்திதானே இருக்க."

வாசித்துவிட்டால் பெட்டிக்குப் பூட்டு வரும். அந்தத் தாள்கள் இல்லாத காலைகளில் பருப்பும் கம்பளியும் மட்டுமே மிஞ்சும்.

ஐந்தாவது தாளில் ஒரு வழி இருந்தது. வாசிப்பவருக்குக் கோபம் வந்தால் எழுத்து மறைந்துவிடுமாம். பருப்பில் இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டேன்.

"கடல் ஞாபகம் வருது" என்று ரசித்துச் சாப்பிட்டார்.

"உங்க தம்பியும் சீடர்தானே. இந்நேரம் பத்து நெத்தி வாசிச்சிருப்பார்."

"வாசிச்சிருப்பான். கெட்டிக்காரன்."

"உங்கம்மாவுக்குச் சமையலே வராது."

"வராதும்மா. பாவம்."

பன்னிரண்டு வருடத்தில் நான் காணாத பொறுமை. ஐந்தாவது தாளை அவரும் வாசித்திருக்கிறார்.

துணியை மேலே தள்ளினேன். தாடி என் மூக்கில் உரசும் அளவுக்கு நெருங்கி வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். 

"ஒண்ணுமே தெரியல லூனா. யார் நெத்தியிலயும் தெரியல. நேத்து கழுதைக்காரன் நெத்தியில ஏதோ வெள்ளையாத் தெரிஞ்சுது. தொடச்சுப் பாத்தா மாவு. நாளைக்கு ரப்பி என்னை வெளிய அனுப்பிடுவார்."

தப்பித்தேன் என்று நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"நேருக்கு நேர் பாத்தாத் தெரியாதுங்க. பக்கவாட்டுல, மூச்ச அடக்கிப் பாக்கணும். ஏழாவது தாள்ல இருக்கே."

"ஏழு இல்ல, ஒம்போது" என்றார். பிறகு மெல்ல நிமிர்ந்தார். "எத்தன நாளா?"

"ரெண்டு வருஷமா."

"எதுவரைக்கும்?"

"முழுசா. ரெண்டு தடவ."

"எழுதின நானே பாதிக்கு மேல புரியாம நிக்கிறேன்." அந்தக் குரலில் இருந்தது கோபமா வெட்கமா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. கோபத்துக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. வெட்கத்துக்கு இல்லை.

"ரப்பி கேட்டா என்ன சொல்றது? பொய் சொல்ல மாட்டேன்."

"பொண்டாட்டிக்குப் பொறாமைன்னு சொல்லுங்க."

"யார் மேலன்னு கேப்பாரே?"

"உங்க மேலதான்." சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

அவர் என்னைப் பார்த்தார். இந்த முறை பக்கவாட்டில்.

"தெரியுதா?"

"இல்ல. பாத்தேன்னு சொல்ல மாட்டேன், தெரிஞ்சுகிட்டேன்னு சொல்றேன். அனுப்பினா அனுப்பட்டும்."

எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தார். தாள் கட்டை எடுத்துவந்து பாயில் விரித்து, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"இருபத்தி மூணாவது தாள் எனக்குப் புரியல. உக்காந்து சொல்லு" என்றார். "சிரிக்காம சொல்லணும்."