சாயம் வெளுத்த செய்தி

அன்று என் மச்சானின் முகம் வெளுத்த வேகத்தில் உலகத்தில் எந்தத் துணியும் வெளுத்ததில்லை. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி, சாயப்பட்டறை முதலாளி. அவருடைய நகக்கண்ணில் ஏறியிருக்கும் சிவப்பைக் கழுவ ஒரு கடல் போதாது. ஓய்வு பெற்ற எனக்கு நாற்காலி தேய்ப்பதுதான் வேலை என்று என் வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்து நக்கலடித்துக்கொண்டிருந்தார். அப்போது அவருடைய போன் அடித்தது. ஆய்வகத்திலிருந்து என் மகள். ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, உங்க சாயம் வெளுத்துடுச்சு."

மச்சான் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"யாரும்மா சொன்னது? டிரைவரா?"

"எதை மாமா?"

"தண்ணி கலந்ததை."

தூக்கத்திலும் பேசுகிற நான், பேச்சை விட்டுவிட்டுப் போனுக்குக் காதைக் கொடுத்தேன்.

மகள் துத்தநாக ஆக்சைடு நுண்துகள் பொடியோடுதான் குடும்பம் நடத்துகிறாள். சாயக் கழிவுநீரில் போட்டு வெயிலில் வைத்தால் சாயத்தையே அந்தப் பொடி உடைத்துவிடும். ஆனால் வெறும் பொடி சோம்பேறி. வெளிச்சம் பட்டுக் கிளம்பும் எலக்ட்ரான்கள், வேலைக்குப் போகாமல் கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிடும், என்னைப் போல. அவற்றைத் தடுத்து நிறுத்தத் துளி வெள்ளி சேர்த்தாள். மறுநாள் அவளுடைய ஆராய்ச்சியைச் சோதிக்கத் தேர்வாளர்கள் வருகிறார்கள். பட்டறைத் தண்ணீரையே தெளியவைத்தேன் என்று அவர்களிடம் சொல்லத்தான் மாமாவிடம் ஒரு கேன் கழிவுநீர் கேட்டிருந்தாள். அவரும் டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார்.

"ஏன் மாமா இப்படி?"

"நம்ம தண்ணி ரத்தமாட்டம் இருக்கும்மா. நீ தோத்துடுவியேன்னு முக்கால் கேன் குழாய்த் தண்ணி ஊத்தினேன்."

"நான் எதையும் கண்டுபிடிக்கல மாமா. நிறம் போயிடுச்சு, நல்ல செய்தின்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

மச்சான் என்னைப் பார்த்தார். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி மாட்டிய மனிதனின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

"கலக்காத தண்ணிய இப்பவே கொண்டு வாங்க," என்றாள்.

"தெளியலைன்னா?"

"தெளியலைன்னு சொல்லுவேன்."

ஆய்வக மொட்டைமாடிக்கு மச்சானே கேனைச் சுமந்து வந்தார். மகள் இரண்டு குடுவைகளில் ஊற்றி, ஒன்றில் மட்டும் பொடி போட்டாள். முதலில் இரண்டையும் இருட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். பொடியில் சாயம் வெறுமனே ஒட்டுவதென்றால் அங்கேயே ஒட்டிவிடுமாம். நிறம் அசையவில்லை. பிறகு வெயிலுக்கு எடுத்து, கலக்கியபடியே இருந்தாள். அந்த வெயிலில் என் வழுக்கையில் அப்பளம் பொரித்திருக்கலாம். உச்சி வேளையிலும் சிவப்பு சிவப்பாகவே நின்றது. மகளின் உதடு காய்ந்துவிட்டது. "நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணும்," என்று மச்சான் முனகினார்.

"அது இன்னும் மோசம் மாமா," என்றாள், குடுவையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெயில் சாயும்போதுதான் நாங்கள் மூவரும் வாய் பிளந்தோம். பொடி போட்ட குடுவைக்குப் பின்னால் வைத்த என் விரல் தெரிந்தது.

"வெயில்ல தானா வெளுத்திருக்கும்," என்றார் மச்சான், நம்ப முடியாமல்.

மகள் மற்றக் குடுவையைக் காட்டினாள். அதில் சிவப்பு அப்படியே இருந்தது.

"முழுசாப் போகல. லேசா ரோஜா நிறம் இருக்கு. நாளைக்கு இதைத்தான் காட்டப்போறேன்," என்றாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

எனக்குச் சும்மா இருக்க முடியுமா? "மச்சான், சாயம் வெளுத்துடுச்சு," என்றேன்.

"அது காலையிலயே வெளுத்துடுச்சு மச்சான்," என்று காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.